பொதுப் பட்டறையில் சாமான் அடுக்குவது: அலமாரி கூடக்கூட இடம் குறைகிறதே, ஏன்?

உளிச்சத்தம் எழுதியது:

எங்கள் பட்டறையில் 60 பேர் போல உறுப்பினர்கள். மரவேலைப் பக்கம் பெரிது. இரும்பு வேலைக்கு ஒரு தடுப்பு, எலக்ட்ரானிக்ஸுக்கு இரண்டு மேசை, ஒரு லேசர் கட்டர், சில 3டி பிரிண்டர்கள். இடம் ஒன்றும் சின்னது இல்லை. ஆனாலும் மரம் அறுக்கும் மெஷின் பக்கம் போக வேண்டுமென்றால் நாலு பேருடைய பாதி வேலையைத் தாண்டிக் குதித்துத்தான் போக வேண்டியிருக்கிறது.

ஒரு சுவர் முழுக்கப் புது அலமாரி போட்டோம். கொஞ்ச நாள் நன்றாக இருந்தது, அப்புறம் அதுவும் நிரம்பிவிட்டது. நிரப்பியது யார் என்று கேட்டால் பதில் இல்லை. எம்4 (4 மி.மீ. குறுக்களவு) போல்ட் ஒன்று வேண்டுமென்றால் "இதர" என்று எழுதிய டப்பாவைத் தரையில் கவிழ்த்துத் தேட வேண்டும். பொறுமை இல்லாதவர்கள் புதுப் பாக்கெட் வாங்கி வருகிறார்கள். வேலை முடிந்ததும் மீதி அதே டப்பாவுக்குள் விழுகிறது.

இன்னொரு அலமாரி போடலாம் என்று பாதிப் பேர், எல்லாவற்றையும் தூக்கி எறியலாம் என்று மீதிப் பேர். நீங்கள் எங்கே தொடங்குவீர்கள்?

கணக்குச்சாவி எழுதியது:

நான் ஒரு பட்டறையில் சாமான் பொறுப்பைப் பார்க்கிறேன். இடத்தை அடைப்பது பெரும்பாலும் யாருடையது என்று தெரியாத பொருள்தான். தெரியாததால் யாரும் தொடுவதில்லை, தொடாததால் அது அங்கேயே கிடக்கிறது. இதற்கு அலமாரி வாங்கினால், கேட்பாரற்ற பொருளுக்கு நல்ல வீடு கட்டிக்கொடுத்தது போலத்தான்.

ஆகவே முதல் சுற்றில் மரம், இரும்பு, பிளாஸ்டிக் என்று பிரிக்காதீர்கள். யாருடையது என்று பிரியுங்கள். பட்டறைக்குச் சொந்தமான கருவிகள் ஒரு பக்கம். யார் வேண்டுமானாலும் எடுத்துத் தீர்க்கக்கூடிய ஆணி, பசை, உப்புத்தாள் ஒரு பக்கம். உறுப்பினர்களின் சொந்தச் சாமான் ஒரு பக்கம். நடந்துகொண்டிருக்கும் வேலை ஒரு பக்கம். இந்த நாலுக்கும் விதி வேறு வேறு. ஒரே அலமாரியில் நாலும் கலந்தால் எந்த விதியையும் செல்லுபடியாக்க முடியாது.

சொந்தச் சாமானுக்கு ஆளுக்கு ஒரு மூடி போட்ட பெட்டி, எல்லாருக்கும் ஒரே அளவு, ஒரே மாடல். பெட்டிக்குள் என்ன வைத்தாலும் நாங்கள் கேட்பதில்லை, தீப்பிடிக்கும் பொருள் மட்டும் கூடாது. பெட்டிக்கு வெளியே வைத்தால் அது "நடப்பு வேலை" ஆகிவிடும், சீட்டு கட்ட வேண்டும். சீட்டில் பெயர், தொடர்பு எண், வைத்த தேதி, எடுக்கும் தேதி. எடுக்கும் தேதியை நீட்டிக்க வேண்டுமென்றால் அவரே நேரில் வந்து மாற்றி எழுத வேண்டும். பாதி வேலைகளுக்கு யாரும் வரமாட்டார்கள், அதிலேயே தெரிந்துவிடும்.

சீட்டு இல்லாதவை மீது நாங்கள் சிவப்புச் சீட்டு கட்டுவோம். ஜப்பானியத் தொழிற்சாலைகளில் இருந்து வந்த 5எஸ் முறையில் முதல் படியே இதுதான்: வேண்டாததைப் பிரித்து, சிவப்புச் சீட்டு கட்டி, தனி இடத்தில் நிறுத்திவைப்பது. அடுக்குவது அதற்கு அடுத்த படி. பலரும் நேராக அடுத்த படியில் குதிப்பதால்தான் குப்பையை அழகாக அடுக்கி வைக்கிறார்கள்.

சும்மா_வந்தவன் எழுதியது:

கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பட்டறைக்கு வருகிறவர்கள் வேலை நேரம் போக மிச்ச நேரத்தில் வருகிறார்கள். சீட்டு, தேதி, நேரில் வந்து கையெழுத்து என்று போனால் இங்கேயும் ஒரு ஆபீஸ் ஆகிவிடாதா? சிவப்புச் சீட்டு கட்டப் போகிறவர் யார்? கட்டியவர் மேல் மற்றவர்களுக்குக் கோபம், அவர் அடுத்த மாதம் வருவதையே நிறுத்துவார். இதை எல்லாம் பார்த்தாகிவிட்டது.

கணக்குச்சாவி எழுதியது:

மேற்கோள்: "சிவப்புச் சீட்டு கட்டப் போகிறவர் யார்?"

யார் வேண்டுமானாலும். அதுதான் முக்கியம். தனி ஒருவரை நியமித்தால் நீங்கள் சொன்ன கதைதான் நடக்கும். சீட்டுக் கட்டு வாசலிலேயே தொங்கட்டும். கட்டுகிறவர் தன் பெயரை எழுத வேண்டியதில்லை, தேதி மட்டும் போதும். எறிகிற முடிவை எடுப்பதும் ஆள் இல்லை, தேதிதான். கெடு எத்தனை நாள் என்பதை உறுப்பினர் கூட்டத்தில் ஒரே முறை பேசி முடித்துவிடுங்கள். அப்புறம் ஒவ்வொரு மேசைக் காலுக்கும் தனித்தனியாகச் சண்டை போட வேண்டியதில்லை.

ராவுத்தூள் எழுதியது:

நீங்கள் இரண்டு பேரும் ஆட்களைப் பற்றியே பேசுகிறீர்கள், நான் சரக்கைப் பற்றிப் பேசுகிறேன். எந்தப் பட்டறையிலும் அதிக இடத்தைத் தின்பது வெட்டுத்துண்டுதான். மரக்காரர்களுக்குத் துண்டை எறிய மனசே வராது. "எதற்காவது ஆகும்" என்பார்கள். ஆகும்தான். ஆனால் ஆகிற வேகத்தைவிட சேருகிற வேகம் அதிகம்.

இதற்கு அளவு வைத்தால் வேலைக்கு ஆகாது, கொள்ளளவு வையுங்கள். "30 செ.மீ.க்குக் கீழே எறியவும்" என்று பலகை மாட்டினால் ஒருவர் தேக்குத் துண்டைக் காட்டி வாதாடுவார். அதற்குப் பதில் துண்டுக்கென்று ஒரு தொட்டி, அவ்வளவுதான். தொட்டி நிரம்பியிருந்தால் உள்ளே ஒன்றைப் போட வேண்டுமென்றால் அதிலிருந்து ஒன்றை எடுத்து எறிய வேண்டும். எது நல்ல துண்டு என்று அவரே முடிவு செய்துகொள்ளட்டும்.

பலகைத் தகடுகள் விஷயம் வேறு. 8-க்கு 4 அடி பிளைவுட், 18 மி.மீ. கனம் என்றால் ஒன்று 30 கிலோவை ஒட்டி வரும். அதே அளவு எம்.டி.எஃப். (மரநாரை அழுத்திச் செய்த பலகை) 40 கிலோ பக்கம் போகும். இதை மல்லாக்க அடுக்கினால் அடியில் இருப்பதை எடுக்க மேலே இருக்கும் அத்தனையையும் தூக்க வேண்டும், யாரும் தூக்கமாட்டார்கள், புதிது வாங்குவார்கள். சுவரில் சாய்த்து வைத்தாலோ சில வாரத்தில் வளைந்துவிடும். நெட்டக்குத்தலாக, இடைவெளி விட்டுத் தடுப்பு போட்ட ரேக்கில் புத்தகம் மாதிரி நிறுத்துங்கள். தரையைத் தொடாமல் அடியில் இரண்டு மரச்சட்டம் கொடுங்கள், ஈரம் ஏறாது. அடிப்பக்கம் நகராமல் இருக்கச் சட்டத்தில் ஒரு தடுப்பு விளிம்பு அவசியம். ஒரு தகடு சரிந்து காலில் விழுந்தால் விளையாட்டில்லை.

இரும்புக் கம்பி, பைப், ஆங்கிள் எல்லாம் சுவரில் பதித்த கைகளின் மேல் படுக்கையாக. ஒரு முனையில் வண்ணம் பூசி எந்த உலோகம் என்று குறியுங்கள். வெட்டுவது எப்போதும் வண்ணம் இல்லாத முனையில் இருந்துதான். இல்லையென்றால் முதல் வெட்டிலேயே அடையாளம் போய், மைல்டு ஸ்டீலா வேறு எதுவா என்று கிரைண்டரில் வைத்துத் தீப்பொறி பார்த்துக் கண்டுபிடிக்க வேண்டியிருக்கும்.

ஸ்டெயின்லெஸ் ஸ்டீலை சாதா இரும்போடு உரச விடாதீர்கள். இரும்புத் துகள் ஒட்டிக்கொண்டு ஸ்டெயின்லெஸ் மேலேயே துருப்பிடிக்கும், அப்புறம் சரக்கு மட்டம் என்று வாங்கின கடையைத் திட்டுவார்கள். கம்பி பிரஷ்ஷும் அதற்குத் தனி.

மின்மினி_போர்டு எழுதியது:

எங்கள் மூலையையும் கொஞ்சம் பாருங்கள் அண்ணே. :)

எலக்ட்ரானிக்ஸில் இடப் பிரச்சினை கிடையாது, எண்ணிக்கைப் பிரச்சினைதான். யாரோ பழைய டிவி போர்டுகளை "உதிரிக்கு ஆகும்" என்று தானமாகக் கொடுப்பார்கள். அதைக் கழற்றி, அளந்து, பிரித்து வைக்கும் நேரத்தில் புதுசாகவே நூறு ரெசிஸ்டர் (மின்தடை) வாங்கிவிடலாம். மோட்டார், டிரான்ஸ்ஃபார்மர், ஹீட் சிங்க் தவிர மற்றவற்றை அப்படியே மின்கழிவுக்கு அனுப்புவதுதான் நல்லது.

ரெசிஸ்டருக்கு எல்லா மதிப்பும் வைக்க முயலாதீர்கள். ஈ12 என்கிற நிலையான மதிப்பு வரிசை போதும்: 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82. இந்தப் பன்னிரண்டும் பத்து, நூறு, ஆயிரம் மடங்காகத் திரும்பத் திரும்ப வரும். இடைப்பட்டது வேண்டுமென்றால் இரண்டைத் தொடராகவோ பக்கமாகவோ இணைத்துக்கொள்ளலாம். ஒரு சிறு டிராயர் பெட்டியில் எல்லாம் அடங்கிவிடும்.

லித்தியம் பேட்டரிக்கு மட்டும் தயவு பண்ணித் தனி இடம் கொடுங்கள். முழு சார்ஜிலும் வேண்டாம், காலியாகவும் வேண்டாம், பாதி சார்ஜில் வையுங்கள். லிப்போ (லித்தியம் பாலிமர்) என்றால் செல்லுக்கு 3.8 வோல்ட் பக்கம். உப்பிப்போனது தெரிந்தால் அன்றைக்கே பட்டறைக்கு வெளியே, எரியாத கொள்கலத்தில், பேட்டரிக் கழிவாக எழுதி வைத்துவிட வேண்டும். "அப்புறம் பார்க்கலாம்" டப்பாவில் போடக்கூடாது.

3டி பிரிண்டர் ஃபிலமென்ட் (அச்சிடும் பிளாஸ்டிக் இழை) காற்றில் உள்ள ஈரத்தை இழுக்கும். நைலான் இதில் ரொம்ப மோசம். அச்சிடும்போது படபடவென்று பொரிகிற சத்தம் கேட்டால் ஈரம்தான் காரணம். ரப்பர் விளிம்பு வைத்த காற்றுப்புகாப் பெட்டியில் நிறம் மாறும் சிலிக்கா ஜெல் போட்டு வைத்தால் தீர்ந்தது.

திருகாணி எழுதியது:

எம்4 போல்ட் பற்றி யாருமே சொல்லவில்லையே. கேள்வியே அதுதானே!

கலவை டப்பாவை உட்கார்ந்து பிரிக்கலாம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். ஒரு நாள் உற்சாகமாகப் பிரிப்பார்கள், மூன்றாம் வாரம் பழையபடி கலந்திருக்கும். முதலில் எத்தனை வகை வைப்பது என்று குறையுங்கள். எம்3, எம்4, எம்5, எம்6, எம்8. தலை ஆலன் கீ (அறுகோணக் குழி) மட்டும். நீளம் ஒவ்வொன்றிலும் மூன்று நாலு. அதற்கு மேல் வேண்டுகிறவர் தானே வாங்கி, மீதியைத் தன் பெட்டியில் வைத்துக்கொள்ளட்டும். பொது டிராயரில் புது வகை சேர்ப்பதற்குத் தடை.

அங்குல அளவுத் திருகைக் கண்ணில் படும் இடத்தில் வைக்கவே வைக்காதீர்கள். 10-32 என்ற அங்குலத் திருகின் குறுக்களவு 4.83 மி.மீ., மரை இடைவெளி 0.79 மி.மீ. எம்5-க்கு 5 மி.மீ., 0.8 மி.மீ. கையில் வைத்துப் பார்த்தால் வித்தியாசமே தெரியாது. எம்5 நட்டுக்குள் அது லொடலொட என்று போய் உட்கார்ந்துகொள்ளும், பாரம் ஏறினால் மரை வழுக்கும். எதிர்ப்பக்கமாக, எம்5 போல்ட்டை 10-32 மரைத் துளையில் ஏற்றினால் துளையே கெடும்.

டிராயர் பக்கத்தில் ஒரு பலகையில் ஒவ்வொரு அளவுக்கும் ஒரு நட், ஒரு போல்ட் பதித்து, கீழே அளவு எழுதி மாட்டுங்கள். சந்தேகம் வந்தால் அதில் போட்டுப் பார்த்துத் திருப்பி வைப்பார்கள். காலிப்பர் தேடிக்கொண்டு யாரும் போகமாட்டார்கள்.

தீர்ந்துபோவதைக் கண்டுபிடிக்க இரண்டு டப்பா முறை. ஒரே சரக்கு முன்னால் ஒரு டப்பா, பின்னால் ஒரு டப்பா. முன்னால் உள்ளது காலியானால் பின்னால் உள்ளதை முன்னால் இழுத்து, காலி டப்பாவை "வாங்க வேண்டியவை" கூடையில் போட வேண்டும். டப்பாவின் மேல் லேபிள் இருப்பதால் வேறு பட்டியலே வேண்டாம்.

மின்மினி_போர்டு எழுதியது:

கணினியில் இருப்புக் கணக்கு வைத்துக்கொண்டால் இது எதுவுமே வேண்டாமே? கியூ.ஆர். ஒட்டி, போனில் ஸ்கேன் பண்ணினால் எது எந்தத் தட்டில் என்று வந்துவிடும். எங்கள் பக்கம் அப்படித்தான் வைத்திருக்கிறோம்.

திருகாணி எழுதியது:

மூன்று வாஷர் எடுப்பவர் போனை எடுத்து ஸ்கேன் பண்ணுவார் என்று நினைக்கிறீர்களா? கையெல்லாம் கிரீஸ் வேறு.

கணக்குச்சாவி எழுதியது:

இருவரும் சொல்வது சரி, வேறு வேறு பொருளுக்கு. எடுத்து வெளியே கொண்டுபோகிற கருவிக்கு, விலை அதிகமான பிட்டுக்கு, யாரிடம் இருக்கிறது என்று தெரிய வேண்டியதற்குக் கணினிக் கணக்கு நன்றாக வேலை செய்யும். தீர்ந்துபோகிற சரக்குக்கு வேலை செய்யாது. அங்கே கண்ணால் பார்த்தால் தெரிய வேண்டும். கணக்கில் 40 இருக்கிறது, டப்பாவில் 3 இருக்கிறது என்றால் அந்தக் கணக்கையே யாரும் அப்புறம் திறக்கமாட்டார்கள்.

வால்வு_மூடி எழுதியது:

யாரும் தொடாத ஒரு விஷயம், கொஞ்சம் கண்டிப்பாகவே எழுதுகிறேன். எதை எதன் பக்கத்தில் வைக்கக் கூடாது என்பதை முதலில் முடிவு செய்துவிட்டு, மிச்ச இடத்தில் மற்றதை அடுக்குங்கள்.

ஆளி விதை எண்ணெய் தடவிய துணியைக் கசக்கிக் குப்பைக்கூடையில் போட்டால் தானாகவே தீப்பிடிக்கும். எண்ணெய் காற்றோடு சேர்ந்து இறுகும்போது சூடு வரும், கசங்கிய துணிக்குள் அந்தச் சூடு வெளியே போக வழியில்லை. நெருப்புக் குச்சியே வேண்டாம். பட்டறைத் தீ விபத்துகளில் இது புதிய கதை இல்லை. துணியை விரித்து வெளியே காயப்போட வேண்டும், அல்லது தண்ணீர் ஊற்றிய மூடி போட்ட தகர டப்பாவில் போட வேண்டும். மரவேலை மேசைக்குப் பக்கத்திலேயே அந்த டப்பா இருக்க வேண்டும். தூரத்தில் வைத்தால் இல்லாததற்குச் சமம்.

தின்னர், பெட்ரோல், ஸ்ப்ரே கேன் எல்லாம் உலோகப் பீரோவில், வெளியே போகிற வழியை மறிக்காத இடத்தில். உறுப்பினர் பெட்டிக்குள் ஒரு பாட்டில்கூட வேண்டாம்.

வெல்டிங் வைத்திருப்பவர்களுக்கு: ஆக்ஸிஜன் சிலிண்டரும் எரிவாயு சிலிண்டரும் சேமிப்பில் ஒட்டி நிற்கக் கூடாது. அமெரிக்கப் பணியிடப் பாதுகாப்பு விதி 20 அடி இடைவெளி கேட்கிறது. இல்லையென்றால் நடுவே 5 அடி உயரத்தில், அரை மணி நேரம் தீயைத் தாங்கும் தடுப்பு. உங்கள் ஊர் விதி எதுவானாலும் அந்த அளவை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அசெட்டிலீனைப் படுக்கவைக்கவே கூடாது, உள்ளே அது அசிட்டோனில் கரைந்து இருக்கிறது, படுக்கவைத்தால் அசிட்டோனும் சேர்ந்து வெளியே வரும். எல்லாச் சிலிண்டரையும் சங்கிலியில் கட்டுங்கள்.

அலுமினியம் ராவிய தூளும் இரும்பு ராவிய தூளும் ஒரே கிரைண்டரில், ஒரே தொட்டியில் சேர வேண்டாம். துருவும் அலுமினியத் தூளும் கலந்து பற்றிக்கொண்டால் தெர்மைட், அதாவது இரும்பையே உருக்கும் சூட்டில் எரியும் கலவை, அணைக்க முடியாது.

கடைசியாக லேசர் கட்டர். பெயர் தெரியாத பிளாஸ்டிக் தகடு எதுவும் அந்த அறைக்குள் இருக்கவே கூடாது. பி.வி.சி.யை வெட்டினால் ஹைட்ரஜன் குளோரைடு வாயு வரும், ஆளின் நுரையீரலையும் மெஷினின் தண்டவாளத்தையும் சேர்த்து அரிக்கும். அக்ரிலிக் மாதிரியே இருக்கும் பாலிகார்பனேட் வெட்டுப்படாமல் கருகும். ஒட்டி வரும் காகிதத்தைக் கிழித்துவிட்டால் எது என்று யாருக்கும் தெரியாது, எனவே காகிதத்தோடே சேமியுங்கள். பெயர் தெரியாத துண்டைச் சோதிக்கச் செம்புக் கம்பியை நன்றாகச் சூடாக்கி, பிளாஸ்டிக்கில் தொட்டு, மறுபடி சுடரில் காட்டுங்கள். பச்சைச் சுடர் வந்தால் குளோரின் இருக்கிறது, தகடு குப்பைக்கு. சோதனையைப் புகை போகிற இடத்தில் செய்யுங்கள், வீட்டுச் சமையலறையில் வேண்டாம்.

சும்மா_வந்தவன் எழுதியது:

வால்வு_மூடி சொன்னதற்கு எதிர்ப்பு இல்லை. சீட்டு விஷயத்தில் என் சந்தேகம் போகவில்லை, ஆனால் தேதி முடிவு செய்யும் என்பது பரவாயில்லை.

கருவிச் சுவருக்கு யோசனை சொல்லுங்கள். ஒவ்வொரு கருவியின் உருவத்தையும் பின்னால் வரைந்து வைக்கிறார்களே, அது நிஜமாக உதவுமா, அல்லது போட்டோவுக்கு மட்டும்தானா?

ராவுத்தூள் எழுதியது:

உதவும். எது காணோம் என்று வாசலில் இருந்தே தெரிந்துவிடும். விமானப் பராமரிப்பில் இதை வைத்திருக்கக் காரணமே ஸ்பேனர் ஒன்று எஞ்சினுக்குள் தங்கிவிடக் கூடாது என்பதுதான். ஆனால் கருவி மாறிக்கொண்டே இருக்கிற பட்டறையில் அந்த ஓவியம் சீக்கிரம் பழசாகிவிடும். ஒரு சுத்தியல் போய் இன்னொன்று வந்தால் திரும்ப வரைய வேண்டும். நான் மரச்சட்டத்தை நீளவாக்கில் 45 டிகிரி சாய்வாக அறுத்து, ஒரு பாதியைச் சுவரிலும் மறு பாதியைக் கருவித் தாங்கியிலும் வைத்து மாட்டுவேன். தாங்கியை இஷ்டப்படி நகர்த்தலாம். ஓவியத்தைத் தாங்கியிலேயே வரைந்துகொள்ளலாம்.

இழுப்பறைக்குள் சின்னச் சாமானுக்கு 3டி பிரிண்டர் வைத்திருப்பவர்கள் கிரிட்ஃபினிட்டி போடலாம். 2022-ல் ஸாக் ஃப்ரீட்மேன் என்பவர் வெளியிட்ட, இழுப்பறை டப்பாக்களுக்கான திறந்த அமைப்பு, 42 மி.மீ. கட்டங்கள், உயரம் 7 மி.மீ. படிகளில். அளவு பொதுவானதால் யார் அச்சிட்ட டப்பாவும் பொருந்தும். ஆனால் அறுபது பேர் பட்டறை முழுக்க இதை அச்சிட உட்கார்ந்தால் பிரிண்டர் வேறு வேலைக்குக் கிடைக்காது. ஆலன் கீ, பிட், அளவிடும் சாமான் அளவுக்குப் போதும்.

கணக்குச்சாவி எழுதியது:

கருவிச் சுவரில் இன்னொன்று. திருப்பி வைப்பது எடுப்பதைவிடச் சுலபமாக இருக்க வேண்டும். மூடி, பூட்டு, இரண்டு கை வேண்டிய கிளிப் இதெல்லாம் வேண்டாம். கனமான பொருள் முழங்காலுக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கட்டும். தலைக்கு மேல் இருக்கும் தட்டில் அட்டைப்பெட்டி, நுரை ஷீட் மாதிரி லேசானது மட்டும்.

உளிச்சத்தம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. இன்றைய குழுக் கூட்டத்தில் பேசியதை எழுதிவிடுகிறேன். வால்வு_மூடி சொன்னதை முதலில் செய்கிறோம், எண்ணெய்த் துணி டப்பாவும் சிலிண்டர் இடமாற்றமும் இந்த வாரமே. அடுத்து சிவப்புச் சீட்டு, கெடு 30 நாள். "இதர" டப்பாவைப் பிரிக்கப் போவதில்லை, எடை போட்டு இரும்புக்குக் கொடுத்துவிட்டு எம் வரிசைத் திருகுகளைப் புதிதாக வாங்குகிறோம். இதற்குத்தான் அதிக எதிர்ப்பு வந்தது, ஆனால் நிறைவேறியது.

ஒரு கேள்வி மட்டும் தீரவில்லை. படகு ஒன்று கட்டிக்கொண்டிருக்கிறார் ஒரு உறுப்பினர். 4 மீட்டர் நீளம். அதை எந்தச் சீட்டில் அடக்குவது?

கணக்குச்சாவி எழுதியது:

அடக்க முடியாது. சீட்டு வேண்டாம், தனி ஒப்பந்தம் போடுங்கள். எந்த இடம், எந்தத் தேதி வரை, பட்டறைக்கு என்ன ஈடு செய்வார் என்று மூன்றும் எழுத்தில் இருக்கட்டும். அடியில் சக்கரம் வைத்த தாங்கி அவசியம், யாரும் தள்ளி வைக்க முடிய வேண்டும். பெரிய வேலைகளுக்கு ஒரே நேரத்தில் ஒரு இடம்தான் என்று வைத்துக்கொள்ளுங்கள், அடுத்தவர் வரிசையில் நிற்கட்டும்.

சும்மா_வந்தவன் எழுதியது:

சீட்டை எதில் கட்டுவது என்றும் சொல்லிவிடுங்கள். மாஸ்கிங் டேப்பில் ஒட்டினால் தூசியில் இரண்டே நாளில் உதிர்ந்துவிடும், மரத்தில் ஒட்டினால் பசை போகாது.

திருகாணி எழுதியது:

துணிக்கடை மாதிரி நூல் கோத்த அட்டை, எழுதப் பெயிண்ட் மார்க்கர். பால்பாயிண்ட் வேண்டாம், வெயில் படுகிற பக்கம் எழுத்து வெளுத்துவிடும்.